அமுதா பற்றவைத்த கேட்

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தால் வெல்டிங் மின்சாரம் அதைக் குழப்பிவிடும், இனி அந்த வேலை கூடாது என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், லாரன்ஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எழுந்துவிட்டான்.

காலையில் பட்டறையில் மயங்கி விழுந்தவன் அவன். இசிஜி எடுத்துப் பார்த்தால், இதயத்தின் மேலறையிலிருந்து வரும் மின்துடிப்பு ஒன்றுகூடக் கீழறைக்குப் போய்ச் சேரவில்லை. கீழறை தன்பாட்டுக்கு மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது, இன்றைக்கே பாண்டிச்சேரிக்குப் போங்கள் என்றார் டாக்டர். செலவெல்லாம் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்துவிடும் என்றும் சொன்னார். லாரன்ஸ் காதில் வாங்கவில்லை. பட்டறையை மூடிவிட்டு உயிரோடிருந்து என்ன செய்வது என்று கேட்டவன், ஆட்டோ பிடித்து நேராகப் பட்டறைக்கே வந்தான்.

அவன் மனைவி அமுதா வழியெல்லாம் அழுதாள், மாதாவைக் கூப்பிட்டாள். அவன் வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுத்தபோது மட்டும் அழுகை நின்றுபோயிற்று. வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னா பண்ற நீ?"

"உங்க வேலைய."

கல்யாணமானதிலிருந்து அவனுக்கு இரும்பைப் பிடித்துக் கொடுத்தவள், கசடு தட்டியவள், பெயின்ட் அடித்தவள். வெல்டிங் ராடை மட்டும் தொட்டதில்லை. தொண்டூர் வீடு ஒன்றுக்கான கேட் அரைகுறையாய்க் கிடந்தது. லாரன்ஸைத் தள்ளி நிற்கவைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

முதல் ராடு எரியாமல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. எதிர் டீக்கடையில் சிரித்தார்கள். சமையல்கட்டு இந்தப் பக்கம் இல்லை என்று ஒருவன் வழி காட்டினான்.

"தெரியும்ணா. ஊட்ல அடுப்பு அணையக் கூடாதுன்னுதான் இங்க வந்துக்கிறேன்," என்றாள் அமுதா.

பக்கத்துப் பட்டறை தங்கராசு சிரிக்கவில்லை. தொழில் போட்டியில் லாரன்ஸோடு பல வருஷமாகப் பேச்சில்லாதவர். எழுந்து வந்து தன் தோல் கையுறையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். பிறகு கேட் சட்டத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். கடவுள் அந்த நேரத்துக்கு அனுப்பிய கை அது.

இந்த முறை ராடு எரிந்தது. பற்றுத்தான் கோணல்மாணலாக விழுந்தது. அமுதா கசடைத் தட்டிவிட்டுச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தாள். கம்பி அசையவில்லை.

லாரன்ஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, பாண்டிச்சேரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னான்.

மீதி வேலையைத் தானே முடித்துத் தருவதாகத் தங்கராசு சொன்னார்.

"வேணாம்ணா, பட்டறையப் பாத்துக்குங்க, போதும். இந்த கேட்ட நானே வந்து முடிக்கிறேன்," என்றாள்.

ஆட்டோ கிளம்பியதும், ராடை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கவேண்டும் என்று லாரன்ஸ் ஆரம்பித்தான்.

"மொதல்ல நெஞ்சுல அந்த மிசின வெச்சிகினு வாங்க," என்றாள் அமுதா. "அப்புறம் ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு எவ்ளோ வேணா சொல்லுங்க."