விற்கக் கூடாத சாம்பிள்

நான் இன்னும் வெளியாகவில்லை என்பதை ரிச்சி தெருவில் ஜபருல்லா பாய்தான் முதலில் சொன்னார். பழைய பிராசஸர் வாங்கப் போன இடத்தில் இதையும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பிராசஸர் என்பது கம்ப்யூட்டருக்கு மூளை. புது மூளையைக் கடைக்கு விடுமுன் கம்பெனிக்காரன் சோதனைக்கென்று கொஞ்சம் செய்து பார்ப்பான். அதுதான் சாம்பிள். அதன் முதுகில் பெயர் இருக்காது. ரகசியம் என்றும் விற்கக் கூடாது என்றும் பொறித்திருக்கும். அதனால்தான் மலிவு. எனக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை. விற்கக் கூடியதை வாங்க வசதியில்லை. விற்கக் கூடாததைத்தான் வாங்க முடியும்.

என் மனைவி கோதாவரியும் கூட வந்தாள். அவள் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். பேரம் பேசுவதில் வியாசர்பாடி முழுக்க அவளுக்குப் பெயர். அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே காய்க்காரர் கறிவேப்பிலையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். கொசுறு வாங்காமல் அவள் எந்தக் கடையை விட்டும் இறங்கியதில்லை.

பாய் கடை ஓர் ஆள் அகலம். ஆனால் உள்ளே போகப் போக நீளும். அன்று பாரிமுனை வரைக்கும் நீண்டிருந்தது. நடுவில் ஒரு டீக்கடை வந்தது. குடித்துவிட்டு நடந்தோம். கடைசியில், கறுப்பு ஸ்பாஞ்சில் சாம்பிள்களைப் பதித்து வைத்துக்கொண்டு பாய் உட்கார்ந்திருந்தார்.

கோதாவரி வழியிலேயே பாடம் நடத்தியிருந்தாள். வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விலை ஏறும். வேண்டாததைப் பார்க்க வேண்டும், வேண்டியதைத் திட்ட வேண்டும். சொன்னபடியே அவள் மூலையில் கிடந்த இறக்கை உடைந்த டேபிள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாம்பிளைப் பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா, கையில் எடுத்து ஆசையாக ஊதினேன். மேலே ஒட்டியிருந்த விலை என் கண்ணெதிரிலேயே மாறிக்கொண்டது. பாய் அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

பூதக்கண்ணாடி வைத்துச் சாம்பிளின் முதுகைப் படித்துக் காட்டினார். பிறகு என்னைத் திரும்பச் சொன்னார். திரும்பினேன். காலரை விலக்கிப் பின்கழுத்தையும் படித்தார்.

"உங்களுக்கும் அதே எழுத்துதான் சார். ரகசியம். விற்கக் கூடாது. பேரு இல்ல."

கோதாவரி எட்டிப் பார்த்தாள்.

"ஆமாங்க. நான் இத்தினி நாளா மச்சம்னுல்ல நெனச்சேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எனக்குப் பெயர் இருக்கிறது, தணிகைவேல், ரேஷன் கார்டில் போய்ப் பாருங்கள் என்றேன். அது இனிமேல் வெளியாகப் போகிறவருடைய பெயர் என்று பாய் பொறுமையாக விளக்கினார். நான் சோதனைக்காக வந்தவனாம். என்னிடம் உள்ள குறைகளைக் குறித்துக்கொண்டு, அதையெல்லாம் சரிசெய்து அசலை வெளியிடுவார்களாம். வெளியானதும் கம்பெனி ஆட்கள் வந்து என்னை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். சாம்பிள் எத்தனை கை மாறினாலும் கம்பெனி சொத்துதானாம்.

நான் இடிந்துபோய் உட்கார்ந்ததைப் பார்த்து ஓர் ஆறுதலும் சொன்னார்.

"சாம்பிளோட வேகத்துக்குப் பூட்டு கிடையாது சார். இஷ்டத்துக்கு முடுக்கலாம். வெளியாவுற மாடல்ல பூட்டிடுவான்."

கோதாவரி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஃபேனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

வீடு வரும்வரை பஸ்ஸில் என்னைத் திட்டினாள். கம்பெனி என்னை எடுத்துக்கொண்டு போகப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஊதினதைப் பற்றித்தான். ஆசையை முகத்தில் ஒட்டிக்கொண்டு போனால் எவன் குறைப்பான் என்று கேட்டாள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து அவள் சொல்வது சரி என்றார்கள்.

சாம்பிளை மாட்டினேன். ஜோராக ஓடியது. காலத்துக்கு முன்னாலேயே செய்த மூளை அல்லவா, எல்லாவற்றையும் முன்னாலேயே செய்தது. ஒரு கல்யாண வீடியோவை வெட்டி முடித்துப் போன் போட்டால், கல்யாணமே அடுத்த மாதம்தான் என்றார்கள். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து முழுவதும் பார்த்தார்கள். பந்தியில் மாப்பிள்ளை இரண்டாம் தடவை பாயசம் கேட்ட தோரணை பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். வீடியோ தெளிவாக இருந்தது என்று காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கரண்ட் போனாலும் வேலை நிற்காது. கீழ்வீட்டு நமச்சிவாயம் சார் ஆடி மாதத்திலிருந்து யு.பி.எஸ்.ஸாக இருக்கிறார். கரண்ட் நின்றதும் கீ கீ என்று கத்துவார். அவரிடமிருந்துதான் எங்களுக்கு வயர் வருகிறது. அவர் இப்படியாவது ஒரு இடத்தில் இருக்கிறாரே என்று அவர் மனைவிக்கு நிம்மதி.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கம்பெனி ஆட்கள் என்று கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எனக்குக் கோதாவரியை விட்டுப் போகப் பிடிக்கவில்லை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டிருப்பாள்.

ஒரு யோசனை வந்தது. என் குறைகளை நானே சரிசெய்துகொண்டால் அவர்கள் இன்னொருவனை வெளியிட வேண்டியதே இல்லையே. டீயைச் சிந்தாமல் குடித்தேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போடவில்லை. அவள் பேசினால் எதிர்ப்பேச்சுப் பேசாமல் தலையை ஆட்டினேன். கோதாவரி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்றதும் இன்னும் கவலைப்பட்டாள்.

அவ்வளவும் வீண். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஃபிரிட்ஜ் வருகிற மாதிரி ஓர் அட்டைப்பெட்டியைக் கூடத்தில் நிறுத்திப் பிரித்தார்கள். தெர்மோகோலுக்கு நடுவில் நான் நின்றேன். தொப்பை இல்லை. தலையில் முடி இருந்தது. கழுத்தில் தணிகைவேல் என்று பளிச்சென்று அச்சடித்திருந்தது.

"வணக்கம், நான் தணிகைவேல்," என்றான் அவன்.

நான்தான் தணிகைவேல் என்றேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

எந்தக் கம்பெனி என்று ஆட்களிடம் கேட்டேன். கம்பெனிதான் சார் என்றார்கள். அதற்குமேல் அவர்களுக்கே தெரியவில்லை.

கோதாவரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இவள் ஒரு கத்துக் கத்துவாள், தெருவே கூடும், இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவள் புதியவன் தோளைத் தட்டிப் பார்த்தாள். வாரண்ட்டி உண்டா என்று கேட்டாள். உண்டு, பில்லும் உண்டு என்றார்கள்.

"அப்ப சரி, எறக்கிடுங்க. இந்தப் பழச என்னா பண்ணுவீங்க?"

அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு என்றார்கள்.

"அழிச்சா உங்களுக்கு என்னா கெடைக்கும்? ரிச்சி தெருவுல போட்டா டீ செலவுக்காச்சும் ஆவும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்களுக்குத் தோன்றவேயில்லை. அக்கா சொல்வதும் நியாயம்தான் என்றார்கள்.

சேர்ந்து வாழ்ந்த புருஷனை டீ செலவுக்கு விற்கச் சொல்கிறாள். என்னைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டிக்குள் அழுதேன். உள்ளே தெர்மோகோல் இருந்ததால் சத்தம் வெளியே வரவில்லை.

பாய் என்னைக் கறுப்பு ஸ்பாஞ்சில் பதித்து வைத்தார். மரியாதையாகவே நடத்தினார். காலை டீ வாங்கிக் கொடுத்தார். நான் சிந்தியதைத் துடைத்தார். சிந்துவதை இப்போது யாருக்காக நிறுத்த வேண்டும்?

கடை திறந்ததும் அண்ணாநகர் வைத்தியலிங்கம் சார் வந்தார். ரிட்டையர்டு. சாம்பிள் சேகரிப்பவர். எதையும் மாட்டி ஓட்டமாட்டார். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஹாலில் ஆணி அடித்து மாட்டுவார். அவர் என்னை ஆசையாகப் பார்த்தார். என் விலை ஏறியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இன்னும் ஏறியது.

"ஆடாம அசையாம இருப்பியாப்பா?"

முதுகு அரிக்குமே என்றேன். பழகிவிடும், தன் ஹாலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது என்றார். பணம் எடுத்துவரப் பக்கத்து ஏ.டி.எம்.முக்குப் போனார். சற்று நேரத்தில் பாய்க்குப் போன் வந்தது. ஏ.டி.எம். வரிசை நீண்டு சென்ட்ரலைத் தாண்டிவிட்டதாம். ஆனாலும் கட்டாயம் வந்துவிடுகிறாராம்.

அப்போது கோதாவரி வந்தாள். பின்னால் அந்தப் புதியவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்னைப் பை தூக்கச் சொன்னாலே வாய் கொள்ளாமல் பேச்சு வரும். அவன் சிரித்துக்கொண்டே தூக்கினான்.

அவள் நேராகப் போய் ஃபேன் முன்னால் நின்றாள். என்ன விலை என்று கேட்டாள். பாய் சொன்னார். இறக்கை உடைந்ததற்கா இந்த விலை என்றாள். காசு இல்லை, பதிலுக்கு இவரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவனைக் காட்டினாள். பாய் எழுந்து வந்தார். கழுத்தைப் படித்தார். பெயர் இருந்தது. வாரண்ட்டி இருந்தது. பில் இருந்தது. விற்கலாம். கடையில் விற்கக் கூடிய பொருள் வந்தே வெகு காலமாகிவிட்டது. பாய் தன்னை மறந்து அவன் தலையில் மெல்ல ஊதினார்.

கோதாவரி அதைப் பார்த்துவிட்டாள்.

வேண்டாம், வேறு கடை பார்க்கிறேன் என்று திரும்பினாள். இன்னும் போணி ஆகவில்லை, கிராக்கி திரும்பிப் போகக் கூடாது என்று பாய் பதறினார். அப்படியானால் கொசுறு என்ன போடுவீர்கள் என்று கேட்டாள். பாய் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினார். உதட்டைப் பிதுக்கினாள். மவுஸைக் காட்டினார். அதில் வால் இல்லை என்றாள். பாய் நாலாபக்கமும் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

"இதுவா? இது கொறட்ட விடும். டீய சிந்தும். ஈரத்துண்டக் கட்டில்ல போடும். ஒண்ணு சொன்னா ஒம்போது பேசும். இத வச்சிக்கினு யாரு மாரடிக்கிறது?"

ஒவ்வொன்றும் சுருக் சுருக்கென்று குத்தியது. பாய் எதிரில், பக்கத்துக் கடைக்காரர் எதிரில், அந்தச் சிரித்த மூஞ்சி எதிரில் சொல்கிறாள். பதிலுக்கு ஒன்பது பேச வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் எதைப் பார்த்துப் பேசுகிறாள் என்று கவனித்தேன். ஃபேனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் கண் என் பக்கம் வரவில்லை. என்னைப் பெட்டியில் வைத்தபோது அவள் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் சிரித்தால் விலை ஏறும். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். கூடுதலாக ஒரு குறட்டையும் விட்டுக் காட்டினேன்.

"பாத்தீங்களா?" என்றாள் கோதாவரி.

பாய் தடுமாறினார். இதற்கு ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார் என்று இழுத்தார். போன் வந்தது. ஏ.டி.எம். வரிசை தாம்பரம் போய்விட்டதாம், வைத்தியலிங்கம் சார் ரயிலில் போய் வரிசையில் நிற்கிறாராம். பாய் போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். தயவுசெய்து கொண்டுபோய்விடும்மா என்றார். கோதாவரி வேண்டா வெறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

என்னை ஸ்பாஞ்சிலிருந்து பிடுங்கினார்கள். நான் இருந்த பள்ளத்தில் அவனை நிறுத்தினார்கள். வசதியாக இருக்கிறது, நன்றி என்றான் அவன். எனக்கு அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. விற்கக் கூடியவன், எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடுவான்.

பஸ் ஸ்டாப் வரை அவள் முன்னால் நடந்தாள். நான் ஃபேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவனிடம் என்ன குறை என்று கேட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"கொறையே இல்லீங்க. எது சொன்னாலும் சரின்னுது. சண்டைக்கே வர மாட்டேங்குது. பூட்டிட்டான்ல. முடுக்கிப் பழகின கை, சும்மா இருக்க முடியல."

அப்படியானால் கடையில் சொன்ன குறையெல்லாம் பேரத்துக்காகத்தானே என்றேன். எல்லாம் நிஜம்தான், பொய் சொல்லிப் பேரம் பேசினால் பொருள் வீட்டில் தங்காது என்றாள். ஃபேன் கனக்கிறது, இதை ஏன் நானே தூக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் போலிருக்கிறது.

இப்போது எனக்குப் பெயர் இல்லை. அதனால் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஏங்க என்றுதான் கூப்பிடுகிறாள்.

பஸ்ஸில் அவள் ஒரே ஒரு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் என்னைக் காட்டி, இவருக்கு என்று கேட்டார்.

"கொசுறு," என்றாள்.

கண்டக்டர் தலையாட்டிவிட்டு முன்னால் போனார். பஸ் ரிச்சி தெருவைத் தாண்டித் திரும்பியது. கோதாவரி ஜன்னல் வழியாகப் பின்னால் ஒரு தடவை பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். இனி விலை ஏற வழியில்லை. அதனால் வியாசர்பாடி வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.