குளியலறையில் ஒளிந்த மூங்கில்

குவாய் சிம்மும் அவள் அண்ணனும் கடைசியாக நிம்மதியாகச் சண்டை போட்டது ஒரு நொறுக்குத்தீனியைப் பற்றி. கைபேசித் திரையில் மலேசியாவின் ஈப்போ நகரில் இருக்கும் அண்ணன் வீட்டின் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் வெங் கெய்க்கு எண்பத்தைந்து வயதாகியும் கைபேசியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்பது பிடிபடவில்லை.

"பாப்பா, நம்ம ஊர்ல வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒண்ணு பொரிப்பாங்களே, மொறுமொறுன்னு, அதுல ரெண்டு டப்பா எடுத்துட்டு வா."

"டாக்டர் உப்பே ஆகாதுன்னிருக்கார். கிட்னி போன மனுஷன் கேக்கிற தீனியா இது?"

"கிட்னிதானே போச்சு. பல்லு இருக்குல்ல."

"அதுவும் உங்க பல்லு இல்ல."

"காசு குடுத்து வாங்கினேன். அப்ப என் பல்லுதான்."

பாப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. வெங் கெய் ஏழு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறிப் போன பிறகு, பத்து வருடம் கழித்துப் பிறந்தவள். வாழ்நாளில் அண்ணனை நேரில் பார்த்தது இரண்டே முறை. மூன்றாவது முறைக்குத்தான் செவ்வாய்க்கிழமை விமானத்தில் இரண்டு இருக்கைகள் வாங்கியிருந்தது. மருத்துவர் அண்ணனுக்குச் சொன்ன மூன்று மாதத்தில் இரண்டு மாதம் தீர்ந்துபோயிருந்தது. நான்காவது முறை என்று ஒன்று இருக்காது என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் தீனியைப் பற்றிப் பேசினார்கள்.

அந்தக் கோடையில் சீனாவில், அவள் ஊரான ஷுன்டேயில் பாதித் தெரு குனிந்தபடி நடந்தது. சிக்குன்குனியா. குடியிருப்புக் குழுவினர் ஒலிபெருக்கியோடு காலையும் மாலையும் சுற்றினார்கள். வீடு வீடாக ஏறி, தண்ணீர் தேங்கிய தொட்டி, வாளி, பூந்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள்.

குவாய் சிம்மின் கணவர் ஃபுக் லாம் கொசுவை யாரைவிடவும் தீவிரமாக எடுத்துக்கொண்டார். ஆனால் மலேசியக் கொசுவை. மரச்சாமான் கடையில் நாற்பது வருடம் மெருகு பூசியவர் என்பதால் எதையும் மூன்று பூச்சு பூசாமல் விட மாட்டார். பெட்டியில் கொசு விரட்டித் தைலம் நான்கு புட்டி, முழுக்கைச் சட்டை ஆறு, மடக்கு வலை ஒன்று, கணுக்கால் வரை மூடும் காலுறை ஒரு டஜன். பயணிகளுக்கான துண்டறிக்கையை நான்காக மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்திருந்தார்.

"பகல்லதான் கடிக்குமாம். காலையிலயும் சாயந்தரமும் வெளிய தலை காட்டக் கூடாது. உங்க அண்ணன் வீட்ல ஜன்னல்ல வலை இருக்கான்னு கேளு."

"இங்க நம்ம ஜன்னல்ல இருக்கா?"

"இது நம்ம ஊரு."

வெளியூர்க் கொசுவை அவர் நம்பவில்லை. உள்ளூர்க் கொசு வீட்டு மனுஷர் மாதிரி.

வீட்டில் கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீரில் ஐந்து மூங்கில் தண்டுகள் நின்றன. அவர் ஓய்வு பெற்ற நாளில் கடையில் கொடுத்த அதிர்ஷ்ட மூங்கில். தண்ணீர் என்றால் செல்வம். பயணம் கிளம்புகிற நேரத்தில் ஜாடித் தண்ணீரைக் கொட்டினால் போகிற காரியத்தின் அதிர்ஷ்டமும் சாக்கடையோடு போகும் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. விமானச்சீட்டு வாங்கிய அன்றிலிருந்து ஃபுக் லாம் ஜாடியைத் தொட விடவில்லை. "உங்க அண்ணனைப் போய்ப் பாத்துட்டு வர்ற வரைக்கும் அந்தத் தண்ணி அப்படியே இருக்கணும்," என்றார். அண்ணன் பெயரைச் சொன்னதால் குவாய் சிம்மும் வாயை மூடிக்கொண்டாள்.

குடியிருப்புக் குழுவிலிருந்து வந்தவள் மாக் யிங். ஒரு காலத்தில் அதே மரச்சாமான் கடையில் கணக்கெழுதியவள். அவள் டார்ச் விளக்கோடு படியேறும் சத்தம் கேட்டதும் ஃபுக் லாம் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார்.

"அண்ணன் எங்கக்கா?"

"உள்ள. வயிறு சரியில்ல."

"பரவால்ல, நான் இருக்கேன். குளியலறையையும் பாத்துட்டுத்தான் போகணும்."

கால் மணி நேரம் ஆனது. யிங் தேநீரைக் குடித்து முடித்தாள். கதவைத் தட்டினாள்.

"அண்ணே, இன்னும் முடியலையா?"

"நீ வாசல்ல நின்னா எப்படிம்மா முடியும்?"

நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்தாள், மறுபடியும் வயிறு சரியில்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே. நான்காவது முறை யிங் தனியாக வரவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தாள். பன்னிரண்டு நாளாக வயிற்றுப்போக்கு நிற்காத முதியவர் என்று எழுதிக்கொடுத்திருந்தாளாம். அவர் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டு, கொதித்த தண்ணீர் மட்டும் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே ஃபுக் லாம் ஜாடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் சின்னச் சின்னதாக எதுவோ நெளிந்ததைப் பார்த்ததாகவும், வேர் அசைகிறது என்று நினைத்ததாகவும் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவர் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"சிம், கால் வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

"பெட்டி கட்டற அன்னிக்குத்தான் உங்களுக்குக் கால் போகும். பாத்திரம் கழுவற அன்னிக்குக் கை போகும்."

கஞ்சி வைத்தாள். சாப்பாட்டுக் குச்சிகள் அவர் விரலில் நிற்காமல் விழுந்தன. நெற்றியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். சட்டையை விலக்கினால் மார்பெல்லாம் சிவப்புப் புள்ளி. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கடவுச்சீட்டிலிருந்து துண்டறிக்கையை உருவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள். திடீர்க் காய்ச்சல். கை, மணிக்கட்டு, கணுக்காலில் கடும் வலி. சிவப்புத் தடிப்பு. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. முதல் வாரம் நோயாளியைக் கொசு கடிக்க விடக் கூடாது, கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கும்.

"இது மூட்டுவாதம்," என்றார் ஃபுக் லாம்.

"மூட்டுவாதத்துக்குப் புள்ளி வருமா?"

"நாளைக்கு உங்க அண்ணனைப் பாக்கணும்ல. ஒரு மாத்திரை போட்டா சூடு இறங்கிடும். விமான நிலையத்துல கூன் இல்லாம நடந்துட்டா போதும். இரு, நடந்து காட்டறேன்."

நடந்து காட்டினார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தலையில் பானை சுமப்பவர் மாதிரி, கண்களை அகல விழித்துக்கொண்டு. திரும்பும் இடத்தில் அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். திரும்பத் தெரியவில்லை.

குவாய் சிம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அண்ணனை அழைத்தாள்.

மின்விசிறி சொன்னது: "மாப்ளைக்குக் காய்ச்சலா? வரட்டும். எனக்கு இல்லாத நோயா?"

"உங்க கொசு அவரைக் கடிச்சிட்டு உங்களைக் கடிக்கும் அண்ணா. இந்த உடம்புக்கு அது தாங்குமா?"

"அப்ப அவனை விட்டுட்டு நீ மட்டும் வா."

அவள் அதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. பெட்டி தயாராக இருந்தது. ஆனால் பன்னிரண்டு நாளாக அந்தக் குளியலறையில்தான் அவளும் பல் தேய்த்தாள். கடித்த நாலாம் நாளோ எட்டாம் நாளோ வரும் என்று துண்டறிக்கையில் இருந்தது. அண்ணன் வீட்டுப் பின்கட்டில் எத்தனை பானை திறந்து கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்.

"அண்ணா, ரெண்டு வாரம். ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க. அப்புறம் வந்துடறேன்."



"சரி பாப்பா. எங்கேயும் போற வேலை இல்ல எனக்கு," என்றார் வெங் கெய்.

பிறகு அவளே யிங்கை அழைத்தாள். யிங் குளியலறைக்குள் டார்ச் அடித்து ஜாடியைப் பார்த்தாள், ஃபுக் லாமைப் பார்த்தாள்.

"ஆக, இதான் அந்த வயிறு."

"அதிர்ஷ்டம்மா அது," என்றார் அவர், கட்டிலில் இருந்தபடி.

"நூறு நூத்தம்பது அதிர்ஷ்டம் நெளியுது அண்ணே. பாதி பறந்தே போயிடுச்சு."

மருத்துவமனையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கொசுவலை தொங்கியது. உள்ளே கிழவர்கள் அலமாரியில் வைத்த பண்டங்கள் மாதிரி உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை குவாய் சிம்மின் மணிக்கட்டில் வலி எடுத்தது. மாலைக்குள் காய்ச்சல். பக்கத்துக் கட்டிலில் அவளையும் படுக்க வைத்தார்கள். வலி எலும்பைத் திருகியது. ஆனாலும் அந்த முதல் ஒரு மணி நேரம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. போகாமல் இருந்தது சரிதான் என்று உடம்பே சொல்லிவிட்டதே.

வியாழக்கிழமை அண்ணன் அழைத்தார். யாரோ பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும், முகம் நேராகத் தெரிந்தது. மஞ்சள் பூத்து, சிறுத்துப்போன முகம்.

"என்ன பாப்பா, முக்காடு போட்டுக் கல்யாணப்பொண்ணு மாதிரி இருக்கே."

"பக்கத்துல மாப்பிள்ளையையும் காட்டட்டுமா? அவரும் முக்காட்டுலதான் இருக்கார்."

"வேண்டாம், பயந்துடுவேன்." சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது. "எனக்கு இன்னும் ஒரு கொசுகூடக் கடிக்கல தெரியுமா. ரத்தம் கெட்டுப்போச்சுன்னு அதுகளுக்கும் தெரிஞ்சிருக்கு."

சனிக்கிழமை காலை அண்ணன் மகன் அழைத்தான். அப்பா போய்விட்டாராம், விடியற்காலையில், தூக்கத்திலேயே. நாலு வார்த்தைதான் பேசினான்.

குவாய் சிம் வலைக்குள் உட்கார்ந்திருந்தாள். அழுகையைத் துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. தோள் வரவில்லை. அடுத்த கட்டிலில் ஃபுக் லாம் எழப் பார்த்தார், இடுப்பு நிமிரவில்லை. வலையின் ஓரத்தைத் தூக்கி ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அந்தக் கை எட்டாமல் நின்றது.

"பதினேழாம் கட்டில், கையை உள்ள எடுங்க தாத்தா," என்றாள் தாதி.

"எடுக்கறேன்."

எடுக்கவில்லை.

"தாத்தா."

"மடக்க வரலம்மா. நீட்டத்தான் வருது."

தாதி வந்து, அவளையும் அவரையும் பார்த்துவிட்டு, அந்தக் கைக்கு மேல் ஒரு துண்டு வலையை எடுத்துப் போர்த்திவிட்டுப் போனாள்.

டிசம்பரில் இருவரும் ஈப்போ போனார்கள். தைலம் பூசிக்கொண்டு, காலுறை மாட்டிக்கொண்டு. அண்ணி வாசலிலேயே பார்த்துவிட்டு, "கொசுவே இல்ல, இதுக்கா இத்தனை வேஷம்?" என்றாள். பின்கட்டில் ஒரு பானைகூடத் திறந்து கிடக்கவில்லை. எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. ஆகஸ்டில், தங்கை ரெண்டு வாரத்தில் வருகிறாள் என்று சொல்லி, அண்ணன்தான் மகனை விரட்டிக் கவிழ்க்க வைத்தாராம்.

கல்லறையில் மூன்று ஊதுவத்தி ஏற்றி இரு கைகளாலும் பிடித்துக் கும்பிட வேண்டும். காலை எட்டு மணி, மூட்டுகள் இன்னும் இளகாத நேரம். குவாய் சிம்மின் விரல்கள் ஊதுவத்தியைச் சுற்றி மூட மறுத்தன. அண்ணி தன் கையால் அவள் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கும்பிட்டு முடிந்ததும் ஃபுக் லாம் கல்லறைப் பூச்சாடியில் இருந்த பழைய தண்ணீரைப் புல்லில் கொட்டினார்.

இப்போதும் காலை ஒன்பது வரை அவள் இடது கைச் சுண்டுவிரல் மடங்குவதில்லை.