பிடிக்காத நாய்

“கதவத் திறந்து விடுங்க அண்ணி, அதுவே போயிட்டு வந்துடும்,” என்று நாத்தனார் மூன்றாவது முறையாகக் கத்தினாள்.

“திறந்துவிட்டா யாரு அள்ளறது?” என்றாள் செத்துப்போனவரின் மனைவி.

கூடத்தில் கண்ணாடிக்கடைக்காரரைக் கிடத்தியிருந்தார்கள். பின்னறையில் அவருடைய நாய் கதவைப் பிராண்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலைக்குப் பிறகு அது வெளியே போகவில்லை. கடற்கரை மணலைத் தவிர வேறெங்கும் காரியத்தை முடிக்காத நாய். அப்படிப் பழக்கிவைத்த மனிதர்தான் விடிகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார்.

தெருவில் அவருக்குப் பைக்காரர் என்று பெயர். பிள்ளைகள் விளையாடும் பக்கம் வந்தால் கயிற்றை முழ நீளத்துக்குச் சுருட்டிக்கொள்வார். சட்டைப்பையில் எப்போதும் அள்ளிப்போட இரண்டு பைகள்: ஒன்று தன் நாய்க்கு, மற்றது ஊரார் நாய்க்கு. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர் மணலில் குனிந்து குனிந்து எதைத் தேடுகிறாரோ என்று தெரு சிரிக்கும். நாய் வந்த பதினோரு வருடமும் அவர் மனைவி வெட்கப்பட்டாள். கயிற்றை ஒருநாளும் தொட்டதில்லை. நாயைப் பிடிக்காது என்பதை யாரிடமும் மறைத்ததுமில்லை.

அதனால்தான் மகன் வந்த கையோடு ஏற்பாடு செய்துவிட்டான். “நாலரைக்கு வண்டி வரும்மா. ஊருக்கு வெளிய ஒரு காப்பகம். இனிமே உனக்குத் தொல்லை இல்ல.”

இப்போது மணி நாலு. அவள் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். கதவில் தொங்கிய அவர் சட்டைக்குள் கைவிட்டுத் துழாவி இரண்டு பைகளையும் எடுத்தாள்.

“அண்ணி, அண்ணன வீட்டுல போட்டுட்டு நாயோட கிளம்பினா ஊரு என்ன பேசும்?”

“பதினோரு வருஷமாப் பேசின வாய்தானே. இன்னும் கொஞ்சம் பேசட்டும்.”

துக்கத்துக்கு வந்தவர்கள் இரண்டாகப் பிளந்து வழிவிட்டார்கள். நாய் இழுத்த இழுப்பில் புடவை காலைத் தடுக்கியது. அவர் செய்வதைப் பார்த்திருந்தாளே, அதேபோல் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ஈர மணலில் நாய் நீண்ட நேரம் உட்கார்ந்தது. முடிந்ததும் அவள் பைக்குள் கையை நுழைத்து, முகத்தைச் சுளித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சாலையோரம் பாதித் தெரு நின்று பார்த்தது.

அதே தெருக் காண்ட்ராக்டரின் நாய் கயிறில்லாமல் பிள்ளைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. துக்கம் கேட்பதற்குமுன் அதைக் காற்றாட விட்டிருந்தார் மனிதர்.

“ஐயா போனது ரொம்ப வருத்தம்மா,” என்றார்.

“வருத்தம் இருக்கட்டும். உங்க நாய் அதோ வெச்சிருக்கு. இந்தாங்க பை.”

“எங்க நாய்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

“நின்னு பாத்தேன். இப்பவும் நிக்கறேன். நீங்க அள்ளிட்டு வாங்க, சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. மகன் கயிற்றுக்குக் கை நீட்டினான்.

“அனுப்பிடு,” என்றாள் அவள்.

“நாயத்தானே?”

“வண்டிய.”

“உனக்குத்தான் பிடிக்காதேம்மா.”

“இப்பவும் பிடிக்கல. பிடிக்கலன்னா வெளிய தள்ளிடறதா? உங்கப்பாவ முப்பத்தாறு வருஷம் வெச்சிருந்தேனே.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரு இன்றுவரை முடிவுக்கு வரவில்லை. இவள் கை கழுவிவிட்டு வந்து, கயிற்றை விடாமலே புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

பிற்பாடு மகன் வேலை மாற்றிக்கொண்டு தூர தேசம் போனான். கூப்பிட்டுப் பார்த்தான், அவள் போகவில்லை. நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. காண்ட்ராக்டர் கடற்கரை இல்லாத பேட்டைக்குக் குடிபோனார். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கண்ணாடிக்கடைக்காரரைத் தெரியாது. தினமும் பையோடு மணலுக்குக் கூட்டிப்போகும் அந்தம்மா ஆசைப்பட்டு வாங்கிய நாய் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அவளும் திருத்துவதில்லை.