வேலிக்கு மேலே

கழுவிய டம்ளரையே அவன் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தபோது ஜூம் அண்ணன் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். யாரிடம் பேசினாலும் மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்று பேசும் மனிதர். அந்தப் பெயரை வைத்தவள் இவன் மனைவி. அவளும் அவரும் கார் பந்தயங்களைப் புகைப்படம் எடுப்பவர்கள். இப்போது அவள் கூடத்தில், சவப்பெட்டிக்குள் இருந்தாள்.

"மச்சான், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவ மயங்கி விழல."

அவன் குழாயை மூடினான்.

"ஏணியில நின்னா. அடியில மண்ணு. சாஞ்சிருச்சு. நான் ஓடிப்போய்ப் பாக்குறப்பவே மூச்சு இல்ல. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஏணிய மடிச்சு என் வண்டியில போட்டுட்டேன். வெயில்ல மயங்கிட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னது நான்தான்."

"ஏன்?"

"தெரிஞ்சா அந்த வளைவையும் மூடிருவாங்க."

போன வருடம் வரை பந்தயப் பாதையின் கம்பி வலையில் கேமரா நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. ஒரு காரிலிருந்து கழன்ற டயர் வேலியைத் தாண்டி அவள் காலடியில் வந்து விழுந்தது. அதன்பிறகு ஓட்டைகளை அடைத்தார்கள். வேலியை உயர்த்தினார்கள். பார்க்க வந்தவர்களையும் படம் எடுக்க வந்தவர்களையும் தூரத்துக் கட்டடத்து மாடிக்குத் துரத்தினார்கள். ஒரே ஒரு வளைவில் மட்டும் வேலியோரம் நிற்க விட்டார்கள். அங்கே ஏணி போடக் கூடாது என்பது விதி. போடாமல் ஒரு படமும் எடுக்க முடியாது என்பது நிலவரம். "அடுத்த வருஷம் வீட்ல உக்காந்து டிவியப் படம் புடிச்சுக்கோங்கன்னு சொல்லுவாங்க, பாரேன்" என்பாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வேலி உயர்ந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறான் என்பதை அவளிடம் சொன்னதில்லை.

"இருபது பேரு பொழப்பு, மச்சான். அதக்கூட விடுங்க. அந்த இடத்த விட்டு வைக்கச் சொல்லி எத்தன பேரு கால்ல விழாத குறையா நின்னா அவ! அவளால மூடினாங்கன்னு ஆகிட வேணாம்."

அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

கூடத்தில் அத்தை பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகளின் சாப்பாட்டு டப்பா. பையோடு திரும்பி வந்தது. திறக்கவே இல்லை.

"நேத்து காலையில போன்ல சண்ட போட்டேன் மாப்ள. வயசு முப்பதாகுது, இன்னும் என்னடி வெயில்ல வண்டி பின்னாடி சுத்துறன்னு கேட்டேன். பட்டுனு வச்சுட்டா. அந்தக் கோவத்துல வெறும் வயித்தோட நின்னு மயங்கிட்டா."

"அவ சாப்பிட்டுத்தான் போனா, அத்தை."

"அப்ப ஏன் மயங்கினா?"

நேற்று மாலையிலிருந்து அவனிடம் பதில் இல்லாத கேள்வி அது. இப்போது இருந்தது.

பந்தயத் திடலின் பாதுகாப்பு அதிகாரி மலர் வளையத்தோடு வந்தார். வேலியை உயர்த்தச் சொன்னவர் அவர்தான். வளையத்தை வைத்துவிட்டு, அத்தைக்குப் பக்கத்தில் சிரமப்பட்டுக் குந்தினார்.

"இனிமே அங்க நிழலுக்குக் கூரை போட்டுடறோம்மா. யாரும் வெயில்ல மயங்கக் கூடாது."

"வெயில் என்னங்க பண்ணும்? என் வாய்தான் அவளக் கொன்னுச்சு."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற ஜூம் அண்ணன் இவனையே பார்த்தார். இவன் பெட்டியைப் பார்த்தான். அவள் நெற்றிக் காயத்தின் கட்டு தெரியாமல் துணி போட்டிருந்தார்கள்.

"அவ மயங்கல, அத்தை" என்றான். "ஏணி போட்டு, வேலிக்கு மேல எட்டிப் படம் எடுத்துக்கிட்டிருந்தா. ஏணி சாஞ்சிருச்சு."

அதிகாரி நிமிர்ந்தார். "ஏணியா? அங்க ஒண்ணும் இல்லியே, தம்பி."

இவன் மலர் வளையத்தைப் பெட்டியோடு சேர்த்து நகர்த்தி வைத்தான்.

"என் வண்டியில இருக்கு சார்" என்றார் ஜூம் அண்ணன். "எடுத்து ஒளிச்சது நான்தான்."

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த வளைவ மூடிருவேன். எனக்கு வேற வழியில்ல, தம்பி."

"தெரியும் சார்" என்றான் இவன்.

அத்தைக்கு இது எதுவும் காதில் விழவில்லை. "அப்ப பசியில விழல?"

"இல்ல."

"அந்தப் படத்த எடுத்துட்டாளா?"

ஜூம் அண்ணன்தான் சொன்னார். "எடுத்துட்டாம்மா. கேமராவுல இருக்கு."

அத்தை டப்பாவை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

நேரமாகிவிட்டது என்றார்கள். பெட்டியின் முன்பக்கம் இவன் குனிந்தான். எதிர்ப் பக்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. யாரும் கூப்பிடாமலே ஜூம் அண்ணன் வந்து தோள் கொடுத்தார். இவனைப் பார்க்கவில்லை. அவர் நல்ல உயரம். தூக்கியதும் பெட்டி இவன் பக்கம் சாய்ந்தது. அவர் முழங்கால்களைக் கொஞ்சம் மடித்துக்கொண்டார். பெட்டி சமமானது. படி இறங்கி, கேட்டைக் கடந்து, தெருமுனையில் நின்ற வண்டி வரைக்கும் அப்படியே நடந்தார்.