ஜெனரல் தள்ளிய கேட்

புதன்கிழமை மதியம் ஒருரோ ராணுவ முகாமின் வெல்டிங் பட்டறையில் கூடியவர்கள் மூவர். கர்னல் அராந்தியா, இருந்த ஒரே நாற்காலியில். வெல்டர் செனோன், எதிரே படுக்கப் போட்ட காலி சிலிண்டரில். நான், கையெழுத்து நன்றாக இருக்கிற குற்றத்துக்காக, கவிழ்த்த பெயின்ட் டப்பாவில்.

விஷயம் இதுதான். முகாமுக்குப் புதுக் கேட் செய்தோம். கீல் பொருத்தும்வரை கதவுகள் இரண்டும் கோணாமலிருக்க நடுவில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைப்பது வழக்கம். கடைசியில் அதை அறுத்துவிட வேண்டும். செனோன் மறந்துவிட்டான். ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பூமித்தாய்க்குப் பீர் தெளிக்குமுன் புதுப் பொருளை எங்கள் ஊரில் யார் தொடுவார்?

தெளிக்க வந்தவர் ஜெனரல். வெளியே நின்று தெளித்தார், வண்ணக் காகிதம் தூவினார், தள்ளினார். உள்ளே இருந்து கர்னல் இழுத்தார். பேண்டுக்காரர்கள் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கடைசியில் ஜெனரல் சமையலறைக் கதவு வழியாக, உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தாண்டி அணிவகுப்பைப் பார்வையிட வந்தார்.

சனிக்கிழமை செனோனுக்குக் கல்யாணம்.

"லீவா? ஜெனரல் மனசு ஆறுற வரைக்கும் நீ இங்கேருந்து நகர முடியாது," என்றார் கர்னல். "மன்னிப்புக் கடுதாசி எழுதுங்கடா."

"பொண்ணு வீட்டுல ஆடு வெட்டியாச்சுங்கய்யா."

"உப்பு போட்டுக் காய வைக்கச் சொல்லு."

'மேன்மை தங்கிய ஐயா, தாங்கள் தள்ளியது போதவில்லை' என்று தொடங்கினேன். கர்னல் தாளைப் பிடுங்கிக் கசக்கினார்.

செனோன் தலையைச் சொறிந்தான். "ஐயா, மன்னிப்பெல்லாம் வேணாம். கல்யாணத்தை முன்னின்னு, செலவுல பங்கும் போட்டு நடத்தி வைக்கிற ஞானத்தகப்பனா அவரையே கூப்பிட்டுருவோம். கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல?"

"சொன்னா ஊரே காறித் துப்பும்," என்ற கர்னல் சற்று யோசித்தார். "சரி, அவரு வந்து நின்னுக்கிட்டு மாப்பிள்ளை எங்கன்னா?"

"கர்னல் லீவு தரலைன்னு சொல்லுவாங்க."

கர்னல் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"கல்யாணக் கேக்குச் செலவையும் அவரு தலையிலேயே கட்டிரலாமாய்யா?" என்று கேட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு எழுது."

எழுதினேன். கர்னல் இருமுறை படித்தார்; பெண்ணின் பெயர் டெல்ஃபினாவை அழகாக எழுதச் சொன்னார்; லீவுச் சீட்டிலும் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, முகாம் முத்திரையைக் குத்தி, மோட்டார் சைக்கிள் சிப்பாயிடம் கொடுத்தனுப்பினோம்.