பக்கத்து வகுப்பு

வாய்ப்பாடு வாத்தியார் என்று சொன்னால்தான் அந்த மொழிப் பயிற்சி நிலையத்தில் ஆளைத் தெரியும். அயல்மொழியின் வினைச்சொற்களைக் கரும்பலகையில் கட்டம் கட்டி எழுதிப் போட்டு, வகுப்பு முழுக்க ஒரே குரலில் ஒப்பிக்கும்வரை விடமாட்டார். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் காத்திருக்கும் நர்சுகள். எழுத்துத் தேர்வில் அவருடைய மாணவிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்த வருஷம் நிர்வாகம் புது முறை கொண்டுவந்தது. வகுப்பில் தாய்மொழி கூடாது. முதல் நாளே பேச்சு. தப்பு வந்தால் வரட்டும். அதற்கென்று வந்த புது டீச்சர் பக்கத்து அறையில் ஒருத்தியை நோயாளியாகப் படுக்கவைத்து, இன்னொருத்தியை விசாரிக்கச் சொன்னாள். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. வாத்தியாருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"இது வகுப்பா, சந்தைக்கடையா?" என்று ஆசிரியர் கூட்டத்தில் கத்தினார். "அஸ்திவாரமே போடாம மாடி கட்டச் சொல்றீங்க!"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷரிடம் யார் மல்லுக்கட்டுவது? அவர் வகுப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

கோபம் வெளிப்பூச்சுதான். உள்ளே இருந்தது பயம். அந்த மொழி பேசும் ஒருவரோடு அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. காதால் கேட்டால் பாதிகூடப் புரியாது. புது முறை வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மனைவியிடம்கூட அவர் இதை மூச்சுவிட்டதில்லை.

அவர் வகுப்பில்தான் தங்கை மகளும் படித்தாள். தகப்பன் இல்லாத பெண். இந்த வேலை கிடைத்தால்தான் வீடு நிமிரும். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாமா, இன்டர்வியூ வரைக்கும் நான் அந்த டீச்சர் கிளாஸ்ல உக்காரட்டுமா?"

"எதுக்கு, உளறக் கத்துக்கவா? மாமா உனக்குக் கெடுதல் பண்ணுவேனா?"

மாமா பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நேர்காணல் அன்று வாத்தியாரே கூட்டிப்போனார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வெளிநாட்டு அம்மாள் அன்பான குரலில் என்னவோ கேட்டாள். பதில் வரவில்லை. மெதுவாக இன்னொரு தரம் கேட்டாள். அப்போதும் இவள் வாய் திறக்கவில்லை. தப்பில்லாத வாக்கியத்துக்காக மனசுக்குள் கட்டங்களைத் தேடுகிறாள் என்று வெளியே நின்றவருக்குப் புரிந்தது. சீக்கிரம் சொல்லேன், தப்பாகவாவது சொல்லேன் என்று பதறினார்.

சிறிது நேரத்தில் அந்த அம்மாள் அவள் தோளில் கை வைத்தபடி வெளியே அழைத்துவந்தாள். வாத்தியாரைப் பார்த்ததும் அவரிடமும் ஏதோ கேட்டாள். எழுதிக் காட்டியிருந்தால் சொல் சொல்லாகப் பிரித்து இலக்கணம் சொல்லியிருப்பார். காதில் விழுந்தது வெறும் சத்தம். கைகூப்பி அசடு வழிந்தார். அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அடுத்த பெண்ணை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடிப்படியில் இறங்கும்போது தங்கை மகள் கேட்டாள்.

"உங்ககிட்ட என்ன கேட்டாங்க மாமா?"

பொய் சொல்ல நினைத்தார், நாக்கு எழவில்லை.

"தெரியலம்மா."

"உங்களுக்குமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கோபப்படவில்லை. படியிலேயே உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்த கிளாசுக்குப் போயிருப்பேனே மாமா."