நடு நாற்காலி

என் அம்மா பூவம்மாவுக்குச் சாமி கும்பிடுகிற வழக்கம் கிடையாது. காலையில் கண் விழித்ததும் அவள் வாயில் வருகிற முதல் பேர் சுப்புராஜ். "அந்தக் கஸ்மாலம் கட்டையில போவ" என்று சொல்லிவிட்டுத்தான் பல் துலக்கப் போவாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆகவே 2004 ஆகஸ்டில் ஒரு மதியம், ராயபுரம் கல்மண்டபத்தில் நான் வேலை செய்த ஹென்றி ஸ்டுடியோவுக்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்து, "சுப்புராஜ், சங்கத் தலைவர், திருவொற்றியூர்னு எழுதிக்கம்மா" என்று சொன்னபோது, ரசீதுப் புத்தகத்தில் என் பேனா அப்படியே நின்றுவிட்டது.

பழைய படங்களை ஸ்கேன் செய்து, ஃபோட்டோஷாப்பில் கிழிசலையும் கறையையும் நீக்கிப் புதிதாக்குவது என் வேலை. கரையான் அரித்த தாத்தாக்கள், மழையில் ஊறிய கல்யாண ஜோடிகள் என்று தினமும் நாலு பேராவது வருவார்கள். சுப்புராஜ் கொண்டுவந்தது ஒரு குரூப் போட்டோ. ஐந்து பேர் உட்கார்ந்து, ஆறு பேர் பின்னால் நிற்கிறார்கள். பூஞ்சை பிடித்திருந்தது, ஒரு மூலை கிழிந்திருந்தது. அதெல்லாம் எனக்குச் சாதாரணம். ஆனால் நடு நாற்காலியில் இருந்தவருக்கு முகமே இல்லை. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளைக் காகிதம் தெரிந்தது.

"இவருக்கு இன்னா ஆச்சு சார்?" என்று கேட்டேன்.

"கொயந்தைங்க கீசி வுட்டுடுச்சு. அந்தாளு வோணாம், தூக்கிடு. பக்கத்துல குந்திகினு கீறேன் பாரு, அது நான். என்ன நகத்தி நடுவுல போட்டுடு. சங்கத்துக்கு வெள்ளி விழா வருது, ஹால்ல பெருசா மாட்டணும். கம்ப்யூட்டர்ல அதெல்லாம் ஆவும்னு சொன்னாங்க."

"யாரு சார் அவரு?"

"எவனோ ஒரு கருங்காலி. அவன் பேச்சு இன்னாத்துக்கு இப்போ?"

எதிரில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ஆவும் சார், பிரமாதமா ஆவும்" என்றேன்.

அந்தக் கருங்காலி என் அப்பா பக்தவச்சலம்.

திருவொற்றியூரில் ஒரு உரக் கம்பெனியில் மூட்டை தூக்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்த்து 1979-இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். செயலாளர். சுப்புராஜ் அவருக்குத் துணை. 81-இல் நாற்பத்தியொரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்பாவைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே சுப்புராஜ் கம்பெனிக்காரனோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன் போட்டாய் என்று ஆட்கள் கேட்பார்களே, அதற்கு ஒரு கதை வேண்டுமே. "பக்தவச்சலம் போலீசுகிட்ட எல்லார் பேரையும் குடுத்துட்டான், வேற வயியில்ல" என்று சொன்னார். சொன்னதோடு சரி, வேலை முடிந்தது. அப்பா வெளியே வந்தபோது எண்ணூரிலிருந்து துறைமுகம் வரைக்கும் அவருக்குப் பேர் கருங்காலி. எந்த கேட்டிலும் வேலை கிடைக்கவில்லை. மூன்று வருஷம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், 84-இல் செத்துப்போனார். ஆஸ்பத்திரிச் சீட்டில் காசம் என்று எழுதினார்கள். அம்மாவைக் கேட்டிருந்தால் சுப்புராஜ் என்று எழுதச் சொல்லியிருப்பாள்.

அப்போது எனக்கு வயது ஏழு. அப்பாவின் முதுகுதான் எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய ஒரே படம் கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது, வேலையை விட்டு நிறுத்திய அன்றைக்கு அதையும் கேட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். அம்மா துறைமுகக் குடோன்களில் கோணி தைத்து என்னைப் படிக்க வைத்தாள். ஊரான் அப்பன் முகத்தையெல்லாம் செப்பனிட்டுக் கொடுக்கிற எனக்கு என் அப்பன் முகம் இல்லை.

சுப்புராஜ் போனதும் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தை கீறினால் கோடு கண்டபடி ஓடும். இந்தக் கோடுகள் காதோரம் வரை வந்து, சட்டைக் காலரைத் தொடாமல் நின்றிருந்தன. பிளேடை வைத்துக்கொண்டு யாரோ நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை. படத்துக்குக் கீழே அட்டையில் எல்லார் பேரும் அச்சடித்திருந்தது. நடுப் பேரை மட்டும் நீலப் பேனாவால் அடித்து மூடியிருந்தார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. படத்தின் நிறங்களைப் பிரித்து நீலத்தை மட்டும் தனியாகப் பார்த்தால், நீல மை வெளுத்துப்போகும், அடியில் இருக்கிற கறுப்பு எழுத்து அப்படியே நிற்கும். பார்த்தேன். "பி. பக்தவச்சலம், செயலாளர்" என்று நின்றது.

அதற்கு மேலே, படத்தில், முழங்கால் மேல் வைத்த இரண்டு கைகள். பெருவிரல் நகம் அகலமாக, என் விரல் மாதிரியே. அப்பாவின் கையை அன்றைக்குத்தான் பார்த்தேன், கடையில் ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு வேலை ஓடும். அந்த ஹாலில், அந்த ஜனங்கள் முன்னாலேயே, அப்பாவை அவர் நாற்காலியில் முகத்தோடு உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் நான் மௌஸ் பிடித்து என்ன பிரயோஜனம்?

ஹென்றி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "இன்னாவோ பண்ணும்மா. கீய ஸ்டுடியோ பேரு மட்டும் போட்டுடாத" என்றார்.

முகத்துக்கு எங்கே போவது? "அவரு மூஞ்சியத்தான் நீ வெச்சிகினு கீற, மீச ஒண்ணுதான் கொறச்சல்" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையை நம்பி இறங்கினேன். படத்தில் வெயில் இடப்பக்கம் மேலேயிருந்து விழுந்திருந்தது, மற்றவர்களின் மூக்கு நிழல் வலக்கன்னத்தில் கிடந்தது. அதே மாதிரி விளக்கைத் தூக்கி வைத்து, கூந்தலை இழுத்துக் கட்டிக்கொண்டு ஹென்றி அண்ணன் கேமரா முன்னால் உட்கார்ந்தேன். சிரிக்காமல் இருக்கச் சொன்னார். எனக்கு அதொன்றும் கஷ்டமாக இல்லை.

தாடையைக் கொஞ்சம் அகட்டினேன். கன்னத்தை ஒட்ட வைத்தேன். தலைமுடியைப் பின்வரிசையில் நின்ற ஒருவரிடமிருந்து எடுத்தேன். மீசையைச் சுப்புராஜிடமிருந்தே எடுத்தேன். படத்தில் அவருக்கு அடர்த்தியான நல்ல மீசை, எங்கள் வீட்டில் அவர் எடுத்ததற்கு இது ரொம்பக் கொஞ்சம். கடைசியில் பழைய படத்தின் பொடிப் புள்ளிகளைப் புது முகத்தின் மேலும் தூவினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. பார்த்த மாத்திரத்தில் ஒட்டுப்போட்டது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

சுப்புராஜுக்குக் காட்டுவதற்கு இன்னொன்றும் செய்து வைத்திருந்தேன். அவர் நடுவில், மற்றவர்கள் சுற்றிலும். கம்ப்யூட்டர் திரையில் தன்னைப் பார்த்து மனுஷர் பூரித்துப்போனார்.

"ஷோக்கா கீதும்மா! நீ நல்லா இருப்ப."

"உங்க ஆசீர்வாதம் சார். ஒரிஜினலப் பத்திரமா வெச்சுக்கோங்க" என்று பழைய படத்தை உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன்.

"பீரோல வெச்சுப் பூட்டிர்றேன். பிரேம் போட்டு, மேல துணி போத்தி நேரா ஹாலுக்கு அனுப்பிடு. யாரும் பிரிக்கக் கூடாது, அன்னிக்குத்தான் தொறக்கணும்."

யாரும் பிரிக்கவில்லை. அவர் சொன்ன சொல்லை நான் தட்டவே இல்லை, படத்தை மட்டும் மாற்றிவிட்டேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "எம்மா, திருவொற்றியூருக்குப் போலாம் வா" என்றேன்.

"அங்க இன்னாம்மே?"

"சுப்புராஜ் கூட்டம்."

"செருப்ப எடுத்துகினு வரட்டா?"

"கால்ல போட்டுகினு வந்தா போதும்."

படத்தைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. ஹாலில் இருநூறு பேர் இருந்தார்கள், பாதிப் பேர் ரிட்டயரான பழைய ஆட்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சுப்புராஜ் மேடையில் மாலையோடு இருந்தார். சங்கத்தைத் தான் ஒற்றை ஆளாகக் கட்டிய கதையை முக்கால் மணி நேரம் பேசினார். அம்மா பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் தலைமை விருந்தினர் எழுந்து போய்த் துணியை இழுத்தார்.

நாலடி உயரத்தில், நடு நாற்காலியில், முழங்காலில் கைவைத்து என் அப்பா உட்கார்ந்திருந்தார். கீழே பேரும் பதவியும் இருந்தன. சுப்புராஜ் பழையபடி பக்கத்து நாற்காலியில்.

கை தட்ட எழுந்த கைகள் பாதியில் நின்றன. முன்வரிசையில் ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். லியோனார்ட் என்று பேர், படத்தில் அப்பாவுக்குப் பின்னால் நிற்பவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. "செயலாளரு!" என்றார். "பக்தவச்சலம் அண்ணாத்த!"

சுப்புராஜ் மைக்கைப் பிடித்துக் கத்தினார். "டூப்பு! இது டூப்பு! இந்தப் படத்துல அந்தாளு மூஞ்சியே கெடையாது!"

"கெடையாதா? அன்னிக்கு மூஞ்சி இல்லாமயா குந்திகினு இருந்தாரு? அவரு சேர் மேல என் கை கீது பாரு" என்றார் லியோனார்ட். யாரோ சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். "ஒரிஜினல் படம் தலைவர் பீரோலதான் கீது. எடுத்தாந்து காட்டச் சொல்லுங்க. எது டூப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

சுப்புராஜ் என்னைப் பார்த்தார். திரும்பிப் படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மைக் இன்னும் அவர் கையிலேயே இருந்ததால் அவர் மூச்சு ஹால் முழுக்கக் கேட்டது.

"நீ யாரு?"

"பக்தவச்சலம் பொண்ணு. ரமாபாய்."

"எடு தலைவரே" என்றார் லியோனார்ட். "பின்ரூம்லதானே பீரோ. ஒரு நிமிசம் ஆவுமா?"

"சாவி... சாவி தொலஞ்சிடுச்சு."

சாவிக்கொத்து அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இருநூறு பேரும் அதைப் பார்த்தார்கள். தான் சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது, கையால் அதை மூடினார். பிளேடு வைத்துச் சுரண்டியதை வெளியே எடுத்துக் காட்டினால்தான் என் படம் பொய்யென்று நிரூபிக்க முடியும். அந்தத் தைரியம் அவருக்கு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிஷம் எனக்குத் தேன் குடித்தது போல இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

லியோனார்ட் மேடையைப் பார்த்து நிற்காமல் ஜனங்கள் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணு சொல்லுங்கபா. அவரு போலீசுக்கு எல்லார் பேரையும் குடுத்தாருன்னா, அப்பால எவனையாவது புடிச்சாங்களா? உன்னப் புடிச்சாங்களா? என்னப் புடிச்சாங்களா? இருபத்திமூணு வருசம் நாமளும் இத்தக் கேக்கவே இல்லியே."

ஒரு ஆள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் மேடையேறிப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "இதுல எவனாவது கை வெச்சான், அவ்ளோதான்" என்றார். சுப்புராஜ் பக்கத்துக் கதவு வழியாக மாலையோடு வெளியே போனார், கூட யாரும் போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் அம்மா எழுந்து படத்துக்குக் கிட்டே போனாள். கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று பார்த்தாள். கையைத் தொட்டாள், சட்டையைத் தொட்டாள். முகத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டாள். நான் காத்திருந்தேன். இந்தப் பன்னிரண்டு நாள் உழைப்பும் அவள் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தைக்காகத்தான்.

"இது அவரு இல்ல" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"இது நீ. அவரு கண்ணுல இத்தினி கோவம் கெடையாது, பாவம். இருந்திருந்தா சொவத்தப் பாத்துகினு குந்தியிருப்பாரா?"

"தப்பாம்மா?"

"அவன் பயந்தான் இல்ல?"

"பயந்தான்."

"அப்ப கரெக்டா போட்டுக் கீற" என்றாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியில் விழுந்திருந்த தன் விரல் தடங்களைத் துடைத்தாள்.

"வூட்ல மாட்ட ஒண்ணு போட்டுத் தரட்டா?"

"வூட்டுக்கு வோணாம். வூட்ல நீ கீற. இது இங்கியே தொங்கட்டும். அவன் தெனம் வந்து பாக்கட்டும்."